மகளுக்கு 18 வயது ஆகும் முன்பே கார் ஓட்டக் கற்றுத் தரலாமா?

கேள்வி: ஐயா, நாங்கள் காரிமங்கலம் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். மகள் பாலக்கோட்டில் பிளஸ் டூ படிக்கிறாள். வரும் தை மாதம் அவளுக்கு 18 வயது முடிகிறது. அவள் அப்பா ஓசூரில் வேலை பார்ப்பதால் வாரம் ஒருமுறைதான் வீட்டுக்கு வருவார். வீட்டில் கார் இருந்தும் அவசரத்துக்கு எடுக்க ஆளில்லை. மகள் இப்போதே பழகிக்கொள்கிறேன் என்கிறாள். என் தம்பி, "ஏரி பக்கம் இருக்கிற மைதானத்தில் நானே பழக்கிவிடுகிறேன், டிரைவிங் ஸ்கூலுக்குக் காசு எதற்கு?" என்கிறான். அவன் மகன் 16 வயதிலேயே கார் ஓட்டுகிறான். என் மாமியாரோ, பெண் பிள்ளைக்குக் கார் எதற்கு என்கிறார். ஸ்கூட்டர் பழகிவிட்டுத்தான் கார் பழக வேண்டுமா? எனக்கு நாலு வழிச் சாலையை நினைத்தாலே பயமாக இருக்கிறது. நாங்கள் என்ன செய்வது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

சட்டம் தொடர்பானதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் யோசிப்பதற்கு இடமில்லை. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி 18 வயது நிறைவடையாத எவரும் பொது இடத்தில் கார் ஓட்டக் கூடாது. 16 வயதில் ஓட்டுவதற்குச் சட்டம் அனுமதிப்பது 50 சிசிக்கு மேற்படாத இருசக்கர வாகனத்தை மட்டுமே. அதற்கும் உரிமம் வேண்டும், பெற்றோரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் வேண்டும். நம் பக்கத்தில் பால் சொசைட்டிக்கும் சந்தைக்கும் ஓடுகிற மொபெட்டைப் பழைய பழக்கத்தில் ‘டிவிஎஸ் பிப்டி’ என்றே சொல்லி வருவதால், அதைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஓட்டலாம் என்று பலர் நம்புகிறார்கள். இப்போது வருகிற எக்ஸ்எல் 100 வண்டியின் இன்ஜின் ஏறக்குறைய 100 சிசி. 16 வயதுப் பிள்ளை முறைப்படி ஓட்டக்கூடிய பெட்ரோல் வண்டி நம் தெருக்களில் நடைமுறையில் கிடையாது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

2019-இல் வந்த திருத்தத்தில் 199ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. சிறார் ஒருவர் வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால், வண்டியைக் கொடுத்த பெற்றோரோ உரிமையாளரோ குற்றவாளியாகக் கருதப்படுவார் என்கிறது அந்தப் பிரிவு. தமக்குத் தெரியாமல் நடந்தது என்பதை அவர்தான் நிரூபிக்க வேண்டும். தண்டனை 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் ஆகும். வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்தாகும். ஓட்டிய பிள்ளைக்கு 25 வயது வரை எல்எல்ஆர் எனப்படும் பழகுநர் உரிமம் கூடக் கிடைக்காது. உரிமம் இல்லாதவர் ஓட்டி விபத்து ஏற்பட்டால், பாதிக்கப்பட்டவருக்குக் காப்பீட்டு நிறுவனம் பணம் கொடுத்தாலும், அதை வண்டி உரிமையாளரிடம் திரும்ப வசூலித்துக்கொள்ள வழி இருக்கிறது. ஒரு உயிருக்கான இழப்பீடு என்றால் அது நிலத்தை விற்றுக் கட்ட வேண்டிய தொகையாக இருக்கும். தங்கள் தம்பி மகனைப் பற்றிக் கேட்காமலே தாங்கள் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அதனால் சொல்கிறேன், தம்பியிடம் இந்தச் செய்தியை இன்றே சொல்லிவிடுங்கள். 16 வயதுப் பையனின் திறமையைக் குறைத்துப் பேச வேண்டாம், பேசினால் அவர் மகனுக்காக வாதாடத் தொடங்கிவிடுவார். 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது என்ற ஒன்றை மட்டும் சொல்லுங்கள். படித்து முடித்து வேலைக்குப் போகிற பையனுக்கு அது என்ன இழப்பு என்பதைத் தகப்பனாக அவரே கணக்குப் பார்த்துக்கொள்வார்.

ஏரி பக்கத்து மைதானம் சாலை இல்லையே என்று கேட்கத் தோன்றும். பொதுமக்கள் வந்துபோக உரிமையுள்ள எந்த இடமும் சட்டத்தின் பார்வையில் பொது இடம்தான். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். அந்த மைதானத்தில்தான் ஊர்ப் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுகிறார்கள், ஆடு மாடு மேய்கிறது. பிரேக் என்று நினைத்து ஆக்சிலரேட்டரை மிதிப்பது முதல் வாரத்தில் எவருக்கும் நேரக்கூடியது. தம்பியின் காரில் அவர் பக்கம் இன்னொரு பிரேக் இருக்காது. ஆகவே தை மாதம் வரை மகள் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து வண்டியை நகர்த்த வேண்டாம் என்பதே என் திட்டவட்டமான ஆலோசனை.

அதற்காக இந்த மாதங்களைச் சும்மா கழிக்க வேண்டியதில்லை. நான் கிருஷ்ணகிரியில் பல ஆண்டுகளாகப் பயிற்சி கொடுத்து வருகிறேன். கிளட்ச், கியர், ஸ்டியரிங் ஆகியவை கைகால் பழக்கம். ஒருவருக்கு முன்னே பின்னே ஆகலாம், ஆனால் எல்லோருக்கும் வந்துவிடுகிறது. எதிரில் என்ன நடக்கப்போகிறது என்பதை முன்கூட்டியே பார்க்கிற கண்தான் எளிதில் வருவதில்லை. பயிற்சிக் காரில் முதல் சில வாரங்கள் கவனம் முழுவதும் காலிலும் கையிலும் போய்விடுவதால், சாலையைப் பார்க்கப் பழக அந்தப் பிள்ளைகளுக்கு மிச்சம் எதுவும் இருப்பதில்லை. தங்கள் மகளுக்கோ அதை முதலில் பழகிக்கொள்ள அரை வருடம் கிடைத்திருக்கிறது. இது பெரிய வாய்ப்பு என்பதை அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

செய்ய வேண்டியது இதுதான். அவர் அப்பா ஊருக்கு வரும்போது தர்மபுரிக்கோ காவேரிப்பட்டணத்துக்கோ காரில் போவீர்கள் அல்லவா, அப்போது மகளை முன்னால் இடப்பக்க இருக்கையில் உட்காரவையுங்கள். செல்போனைப் பையில் வைத்துவிடட்டும். பாட்டு வேண்டாம். அடுத்துச் சாலையில் என்ன நடக்கக்கூடும் என்பதை அவர் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வர வேண்டும். டவுன் பஸ் நின்றுகொண்டிருந்தால், இறங்கியவர் பஸ்ஸின் முன்பக்கமாகச் சாலையைக் கடப்பார் என்று சொல்ல வேண்டும். பஸ்ஸுக்கு அடியில் தெரிகிற இடைவெளியைப் பார்த்தால், ஆள் தெரிவதற்கு முன்பே கால் தெரியும். மொபெட்டில் போகிறவர் தலையை லேசாக வலப்பக்கம் திருப்பினால், கை காட்டாமலே வலப்பக்கம் திரும்பப்போகிறார் என்று பொருள். தெருமுனையில் ஒரு ஆட்டுக்குட்டி ஓடிவந்தால், அதன் பின்னால் இன்னும் நாலைந்து வரும், மேய்ப்பவரும் வருவார். டிராக்டர் டிரெய்லர் இடது ஓரத்திலிருந்து இன்னும் கொஞ்சம் இடப்பக்கமாக ஒதுங்கினால், அது வழிவிடவில்லை, வலப்பக்கத்து வயல் வழிக்குள் திரும்ப இடம் எடுத்துக்கொள்கிறது. இதை அறியாமல் அந்த நேரம் பார்த்து ஓவர்டேக் செய்ய வேகமெடுத்தவர்கள் டிரெய்லரின் பக்கவாட்டில் போய் மோதுகிறார்கள்.

பாலக்கோடு, காரிமங்கலம் வட்டாரத்தில் பருவத்துக்குப் பருவம் சாலை மாறுவதும் பிள்ளைக்குத் தெரிய வேண்டும். கரும்பு வெட்டும் காலத்தில் ஆலைக்குப் போகும் டிராக்டர்களில் கரும்பின் இலைச் சோகை பின்னாலும் பக்கத்திலும் தொங்கிக்கொண்டு வரும். பின்விளக்கு இருந்தாலும் அது மறைந்துவிடும். மாங்காய்ப் பருவத்தில் மண்டிகளுக்கும் கூழ் ஆலைகளுக்கும் போகிற மினி லாரிகள் சாலையோரம் வரிசையாக நிற்கும். அவற்றின் இடையிலிருந்து ஆட்கள் வெளிப்படுவார்கள். தக்காளி ஏற்றிய வண்டிகள் விடியற்காலையில் மார்க்கெட்டைப் பிடிக்க விரைந்து வரும். ராகியைச் சாலையில் உலர்த்தி, ஓரத்தில் கல் அடுக்கி வைத்திருப்பார்கள். பாதிச் சாலை போய்விடும். எந்த ஓட்டுநர் பயிற்சிப் புத்தகத்திலும் இது இருக்காது. இடப்பக்க இருக்கையிலிருந்து ஆறு மாதம் பார்த்தால் வந்துவிடும்.

பிளஸ் டூ படிக்கிற பிள்ளை என்பதால் இயற்பியலையும் சேர்த்துக்கொள்ளலாம். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி ஒரு விநாடியில் சுமார் 11 மீட்டர் கடக்கிறது. ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குப் போவதற்கே ஏறக்குறைய ஒரு விநாடி ஆகிவிடும் என்றால், பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன்பே 11 மீட்டர் போயிருக்கும். 80 கிலோமீட்டர் வேகத்தில் அது 22 மீட்டர். அதற்குப் பிறகு பிரேக் பிடித்து நிற்கத் தேவைப்படும் தூரம் இரண்டு மடங்கு ஆவதில்லை; நான்கு மடங்கு ஆகிறது, ஏனென்றால் இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. இந்தக் கணக்கை மகளையே நோட்டில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். முன்னால் போகும் வண்டிக்கும் தம் வண்டிக்கும் எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்று பிறகு யாரும் அவருக்குச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

காரின் உறுப்புகளை வீட்டு வாசலிலேயே அறிமுகப்படுத்தலாம். சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, சாவியை எடுத்துத் தங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கிளட்சை முழுவதும் மிதித்தால் முதுகு இருக்கையை விட்டு விலகாதபடி சீட்டை நகர்த்துவது, குனிந்து பார்க்காமல் கியர் மாற்றுவது, மூன்று கண்ணாடிகளையும் தம் உயரத்துக்குச் சரிசெய்வது என்று இவ்வளவு போதும்.

அடுத்தது எல்எல்ஆர். தை மாதம் 18 முடிந்ததும் ஓடிப்போய் எடுக்க வேண்டாம் என்பேன். பழகுநர் உரிமம் 6 மாதம் வரைதான் செல்லும். அதை எடுத்து 30 நாள் கழித்துத்தான் ஓட்டுநர் உரிமத் தேர்வுக்குப் போக முடியும். தையில் எடுத்தால் செய்முறைத் தேர்வு, பொதுத் தேர்வு என்று அந்தக் காலத்தில் பாதி வீணாகிவிடும், பிள்ளைக்கும் இரண்டு பக்கமும் மனம் இழுபடும். பொதுத் தேர்வு முடிந்த வாரத்தில் சாரதி இணையதளத்திலோ இ-சேவை மையத்திலோ விண்ணப்பியுங்கள். அதற்கு முன்னால் ஒருமுறை கண் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. கரும்பலகை சரியாகத் தெரியாமல் முன் பெஞ்சில் உட்கார்ந்தே பன்னிரண்டு வருடம் படித்து முடித்துவிட்டு, பயிற்சிக் காரில்தான் தூரத்துப் பலகை மங்கலாகத் தெரிகிறது என்று கண்டுகொள்கிற பிள்ளைகள் உண்டு.

தம்பியா, டிரைவிங் ஸ்கூலா என்ற கேள்விக்கு, இருவரும் வேண்டும், ஆனால் இந்த வரிசையில்தான் வேண்டும் என்பது என் பதில்: முதலில் பள்ளி, பிறகு தம்பி. நானும் அந்தத் தொழிலில் இருப்பதால் இப்படிச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். பயிற்சிப் பள்ளிக் காரில் பயிற்சியாளர் பக்கமும் பிரேக் இருக்க வேண்டும் என்பது விதி. முதல் நாட்களில் அந்த இன்னொரு பிரேக்தான் பிள்ளையையும் எதிரில் வருபவரையும் காக்கிறது. உறவினர்களிடம் பழகிவிட்டு எங்களிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் மூன்று பழக்கங்களோடு வருகிறார்கள். ஓட்டும்போது இடது கால் கிளட்சின் மேலேயே படிந்திருக்கும். இடது கை கியர் தலையிலேயே இருக்கும். இறக்கம் வந்தால் வண்டியை நியூட்ரலில் போட்டுவிடுவார்கள். மூன்றாவதுதான் மிகவும் ஆபத்தானது. பெட்ரோல் மிச்சமாகும் என்று சொல்லித் தருகிறார்கள். இப்போதைய கார்களில் கியரிலேயே இருந்துகொண்டு ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், இறக்கத்தில் இன்ஜினுக்கு எரிபொருள் போவது நின்றுவிடும். நியூட்ரலில் போட்டால்தான் இன்ஜினைச் சுழலவைக்க எரிபொருள் செலவாகும். மிச்சமும் இல்லை, வண்டியைப் பிடித்து நிறுத்த இன்ஜினின் துணையும் இல்லை.

பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது விளம்பரப் பலகையைப் பார்க்காதீர்கள். கார் பயிற்சி 21 நாளுக்குக் குறையக் கூடாது, அதில் பிள்ளை உண்மையில் ஓட்டும் நேரம் 10 மணிக்குக் குறையக் கூடாது என்று மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்கின்றன. கோடை விடுமுறையில் எல்லாப் பள்ளிகளிலும் கூட்டம் இருக்கும். ஒரே காரில் மூன்று நான்கு பேரை ஏற்றிக்கொண்டு, ஆளுக்குப் பத்து நிமிடம் ஓட்டவைத்துத் திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். பின் இருக்கையில் கழிந்த நேரம் ஓட்டிய நேரம் ஆகாது. சேர்வதற்கு முன்பே, "என் மகள் ஸ்டியரிங்கில் இருக்கும் நேரம் ஒரு நாளைக்கு எவ்வளவு?" என்று நேராகக் கேளுங்கள், மகளையும் தினமும் ஒரு நோட்டில் அதைக் குறித்துவரச் சொல்லுங்கள். தேர்வுக்காக ‘எச்’ எழுத்து வடிவில் காரை ஓட்டிக் காட்ட மட்டும் பழக்கிவிட்டு, தேர்வு நாளில் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லும் இடத்தில் சேர்க்க வேண்டாம். மேடு, இறக்கம், மார்க்கெட் நெரிசல், மழை ஆகியவற்றில் ஒருமுறையாவது ஓட்டவைப்பார்களா என்று கேளுங்கள். பெண் பயிற்சியாளர் இருக்கும் பள்ளி கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் முதல் வாரம் தாங்களே பின் இருக்கையில் உட்கார்ந்து போய்வாருங்கள். நல்ல பயிற்சியாளர் எவரும் அதற்கு முகம் சுளிக்க மாட்டார், சுளித்தால் வேறு பள்ளி பாருங்கள்.

பள்ளிப் பயிற்சி பாதி கடந்த பிறகு தம்பியின் உதவி மிகவும் பயன்படும். பத்து மணி நேரம் என்பது விதி கேட்கும் குறைந்த அளவு. கை நன்றாகப் படிய அது போதாது. அப்போது வண்டிக்கு முன்னும் பின்னும் வெள்ளைப் பின்னணியில் சிவப்பு ‘எல்’ எழுத்துப் பலகை, 18 சென்டிமீட்டர் சதுரத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். தம்பிக்கு நடப்பில் உள்ள ஓட்டுநர் உரிமம் இருக்க வேண்டும். அவர் பக்கத்து இருக்கையில், ஹேண்ட் பிரேக் கைக்கு எட்டும்படி உட்கார வேண்டும். பின்னால் உறவினர் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு பழக்க வேண்டாம், ஒருவர் ‘பிரேக்’ என்பார், இன்னொருவர் ‘போ போ’ என்பார். சத்தம் போட்டுச் சொல்லிக் கொடுத்தால் பிள்ளை சாலையைப் பார்க்காமல் மாமாவின் முகத்தைப் பார்க்கத் தொடங்கிவிடும். இதைத் தம்பியிடம் பக்குவமாகச் சொல்லிவையுங்கள்.

அவர் பக்கத்தில் இருந்து பழக்க வேண்டிய முக்கியமான பாடம், மேட்டில் நிறுத்தி எடுப்பது. நம் மாவட்டங்களில் சமதளமான சாலை குறைவு. கிராமத்துச் சாலை பெரிய சாலையில் ஏறும் இடம் பெரும்பாலும் மேடாகத்தான் இருக்கும், அங்கேதான் நின்று பார்த்துவிட்டுப் போக வேண்டும். வண்டி ஹேண்ட் பிரேக்கில் நிற்கட்டும். முதல் கியர் போட்டு, ஆக்சிலரேட்டரை லேசாகக் கொடுத்து, கிளட்சை மிக மெதுவாக விட்டுக்கொண்டே வர வேண்டும். ஓர் இடத்தில் இன்ஜின் சத்தம் கொஞ்சம் கனத்துத் தாழும். பானட் முன்பக்கம் லேசாகத் தூக்கும். இருக்கையில் ஒரு சிறு நடுக்கம் தெரியும். காலை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். அதன் பிறகு ஹேண்ட் பிரேக்கை இறக்கினால் வண்டி பின்னால் உருளாது. பதற்றத்தில் கிளட்சை மேலும் விட்டால் வண்டி அணையும்; பயந்துபோய்த் திரும்ப மிதித்தால் பின்னால் உருளும். நம் ஊர்களில் காரின் பின்னால் ஒட்டினாற்போல் ஒரு இருசக்கர வாகனம் எப்போதும் நிற்கும், பல நேரம் அதில் குழந்தையும் இருக்கும். ஆகவே ஆள் இல்லாத ஒரு மேட்டில், அந்தச் சத்தம் மாறும் இடத்தைக் கால் தானாகக் கண்டுபிடிக்கும் வரை, வேறு எதையும் பழக்காமல் இதை மட்டும் திரும்பத் திரும்பச் செய்யட்டும்.

ஸ்கூட்டர் பழகிவிட்டுத்தான் கார் பழக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. இருசக்கர வாகனத்தில் பழகியவருக்குச் சாலையின் போக்கு கொஞ்சம் முன்பே பிடிபடும் என்பது உண்மைதான், ஆனால் அதே சாலையில் விழுந்தால் தாங்குவதற்குச் சுற்றிலும் எதுவும் இருக்காது. கல்லூரிக்குப் போகத் தேவைப்பட்டால் இரண்டுக்கும் சேர்த்தே எல்எல்ஆர் எடுத்துக்கொள்ளலாம். தெருமுனைக் கடைக்குப் போனாலும் ஹெல்மெட் போட்டுக் கொக்கியை மாட்ட வேண்டும் என்பதில் மட்டும் வீட்டில் எவரும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

தங்கள் மாமியாரின் சொல்லை எதிர்த்துப் பேச வேண்டியதில்லை. வயதானவர்களின் அந்த வார்த்தைக்குள் பெரும்பாலும் பேத்திக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம்தான் இருக்கிறது. தாங்களே எழுதியிருக்கிறீர்கள், வீட்டில் கார் இருந்தும் அவசரத்துக்கு எடுக்க ஆளில்லை என்று. நடுராத்திரியில் அவருக்கே மூச்சுத் திணறல் என்றால் ஓசூரிலிருந்து மகன் வந்து சேர்வதற்குள் தர்மபுரி அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வீட்டில் ஒருவர் வேண்டும் அல்லவா? 108-க்குச் சொல்லிவிட்டுக் காத்திருக்கலாம். ஆனாலும் ஓட்டத் தெரிந்தவர் ஒருவர் வீட்டில் இருப்பது ஒரு பலம். நம் கிராமங்களில் விடிகாலையில் பால் கேனைக் கட்டிக்கொண்டு மொபெட்டில் போகிற பெண்களை அவரும் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். ஒருநாள் தங்கள் மகள் இடப்பக்க இருக்கையில் உட்கார்ந்து, பஸ்ஸுக்கு அடியில் கால் தெரிகிறது, ஆள் வருகிறார் என்று சொல்லும்போது பாட்டியும் பின்னால் உட்கார்ந்திருக்கட்டும். அவர் மனம் இளக அதுவே போதுமானதாக இருக்கலாம்.

தங்கள் சொந்தப் பயத்துக்கு வருகிறேன். அந்தப் பயம் நியாயமானது. காரிமங்கலத்தைத் தொட்டுக்கொண்டு போகும் தேசிய நெடுஞ்சாலை 44, நாட்டின் வடகோடியையும் தென்கோடியையும் இணைக்கும் சாலை; கிருஷ்ணகிரியில் சென்னைச் சாலையும் வந்து சேர்வதால் இரவு பகலாக லாரிகள் ஓடிக்கொண்டே இருக்கும். அந்தச் சாலையில் ஏறுவதற்கு மகள் அவசரப்பட வேண்டாம். லைசென்ஸ் கைக்கு வந்தபின் முதல் சில மாதங்கள் ஊர்ச் சாலையிலும் பாலக்கோட்டுச் சாலையிலும் ஓட்டட்டும். பிறகு அப்பா பக்கத்தில் இருக்க, ஞாயிற்றுக்கிழமைக் காலையில் காவேரிப்பட்டணம் வரை போய்த் திரும்பலாம். சர்வீஸ் ரோட்டிலிருந்து நெடுஞ்சாலையில் சேரும்போது, முகப்பை நீட்டி நின்றுகொண்டு வழி பார்க்கக் கூடாது. இண்டிகேட்டர் போட்டு, கண்ணாடியில் இடைவெளி பார்த்து, அங்கே ஓடுகிற வண்டிகளின் வேகத்தை எட்டிக்கொண்டே இடது ஓரத் தடத்தில் சேர வேண்டும். எதிர்ப்பக்கம் போக வேண்டியிருந்தால் சுரங்கப்பாதை எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் அங்கே போய்த்தான் திரும்ப வேண்டும்; இரண்டு கிலோமீட்டர் மிச்சம் பிடிக்க ராங் சைடில் வருவது இந்தச் சாலையில் உயிரைப் பணயம் வைப்பது. மற்றவர்கள் அப்படி வருவார்கள் என்பதையும் எதிர்பார்த்து, இடது ஓரத்தை ஒட்டிப் போகும்போது கண்ணைத் தூரத்தில் வைத்திருக்க வேண்டும்.

லாரிகள் வலது தடத்திலேயே மெதுவாகப் போய்க்கொண்டிருக்கும்போது இடப்பக்கமாக நுழைந்து முந்தத் தோன்றும். லாரி ஓட்டுநருக்குத் தம் இடப்பக்கம் அதிகம் தெரியாது. அவருடைய கண்ணாடியில் அவர் முகம் நமக்குத் தெரியவில்லை என்றால் நம் காரும் அவருக்குத் தெரியவில்லை என்று கொள்ள வேண்டும். விளக்கை ஒருமுறை டிம் பிரைட் செய்து காட்டிவிட்டு, வழி கிடைக்கும் வரை பின்னாலேயே இடைவெளி விட்டுப் போவதுதான் சரி.

இரவு ஓட்டத்தைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். ஓரத்தில் விளக்கில்லாமல் நிற்கும் லாரியும், பின்விளக்கு எரியாத மொபெட்டும் டிம் லைட்டில் தெரிகிற தூரம், 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் நிற்கத் தேவையான தூரத்தைவிடக் குறைவு. இரவில் வேகத்தைக் குறைப்பது தவிர அதற்கு வேறு வழி கிடையாது.

தர்மபுரியிலிருந்து சேலம் போகும் வழியில் உள்ள தொப்பூர் கணவாய் விபத்துகளுக்குப் பெயர்போனது என்பது தாங்களும் அறிந்ததே. நீண்ட இறக்கம் அது. பாரம் ஏற்றிய லாரியை நியூட்ரலில் விட்டு, பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் பிரேக் சூடேறிப் பிடிப்பை இழக்கிறது. முன்னால் கட்டுப்பாட்டோடு இறங்கிக்கொண்டிருக்கும் கார்களின் மீது அந்த லாரி வந்து விழுகிறது. அதனால் நம் வண்டியைச் சரியாக ஓட்டினால் மட்டும் அங்கே போதாது, பின்கண்ணாடியையும் அடிக்கடி பார்த்துக்கொண்டு, வேகமாக வரும் லாரிக்கு முன்கூட்டியே ஒதுங்கிக் கொடுக்க வேண்டும். தங்கள் மகள் அந்தக் கணவாயை முதன்முறை இறங்குவது பகலில், மழையில்லாத நாளில், அப்பா பக்கத்தில் இருக்கும்போது இருக்கட்டும். இறக்கம் தொடங்குவதற்கு முன்பே மூன்றாம் கியருக்கு மாறி, பலகையில் போட்டிருக்கும் வேகத்தைத் தாண்டாமல் இடது தடத்தில் இறங்கச் சொல்லுங்கள். இரண்டு லாரிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டது போல் தெரிந்தால், முந்துவதற்கு முயலாமல், முன்னால் போகும் லாரியிலிருந்து பின்தங்கி, ஒதுங்க இடம் விட்டுக்கொண்டே வரட்டும்.